"நல்ல சாமி மாப்ள, அப்படியெல்லாம் இருக்காது"

மாமா நியூயார்க் வந்திருந்தபோது சுதந்திர தேவி சிலையையும் டைம்ஸ் ஸ்கொயரையும் காட்டினேன். இரண்டிலும் அவருக்கு மனம் ஒட்டவில்லை. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர், எழுபத்து மூன்று வயது, சின்னப் பையனாகப் பீடத்தில் உதவி செய்த நாளிலிருந்து காலைப் பூசையை விட்டதில்லை. "நீ இங்க பூசைக்கு எங்க போற மாப்ள?" என்பதுதான் வந்த நாள் முதல் அவருடைய கேள்வி. அதனால் ஒரு வியாழக்கிழமை, வேலை நாட்களில் நான் மதியத் திருப்பலிக்குப் போகிற கோயிலுக்கே கூட்டிப்போனேன். பென் ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தால் மேற்கு 31ஆம் தெரு. அங்கே புனித பிரான்சிஸ் அசிசி கோயிலும், அதை ஒட்டிப் பிரான்சிஸ்கன் துறவிகளின் மடமும் இருக்கின்றன. பசியோடு வருகிறவர்களுக்கு அங்கே காலையில் சாப்பாடு கொடுக்கிறார்கள். 1930இல் ஆரம்பித்த வழக்கம், இன்னும் நிற்கவில்லை. இதைச் சொன்னதும் மாமாவுக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று.

பூசை முடிந்து வெளியே வந்ததும் எதிரே இருந்த தீயணைப்பு நிலையத்தைப் பார்த்தார். அப்புறம் தெருப்பலகையைப் பார்த்து எழுத்துக் கூட்டி வாசித்தார். 'ஃபாதர் மைக்கேல் ஜட்ஜ் தெரு.' யார் இது என்று கேட்டார். நடைபாதையில் நின்றபடியே சொன்னேன். இந்த மடத்தில் இருந்த துறவி, எதிரே இருக்கிறவர்கள் உட்பட இந்த நகரத்துத் தீயணைப்பு வீரர்களுக்கெல்லாம் ஆன்மகுரு. 2001 செப்டம்பர் 11 காலையில் செய்தி வந்ததும் கிளம்பிப் போய், எரிந்துகொண்டிருந்த வடக்குக் கோபுரத்தின் கீழ்த்தளத்தில் செபித்துக்கொண்டு நின்றார். தெற்குக் கோபுரம் சரிந்தபோது பறந்து வந்த இடிபாடு அடித்து இறந்தார். அன்று இறந்தவர்களில் அதிகாரபூர்வமாகப் பதிவான முதல் ஆள் அவர்தான். மரணச் சான்றிதழில் எண் 1. புழுதி படிந்த ஐந்து பேர் அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கி வரும் படத்தைக் கைபேசியில் காட்டினேன். உடலைப் பக்கத்துத் தெருவிலிருந்த புனித பேதுரு கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பலிபீடத்தின் முன்னால் கிடத்தினார்கள் என்றேன். மாமா சிலுவை போட்டுக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. அந்தப் படத்தை அவருடைய கைபேசிக்கு அனுப்பச் சொன்னார்.

திரும்பி வரும் ரயிலில் மீதியையும் சொன்னேன். சொல்லாமல் விட்டால் பாதி மனிதரை மட்டும் அறிமுகப்படுத்தியதாக ஆகும் என்று தோன்றியது. "அவர் தன்பாலீர்ப்பு உள்ளவர் மாமா. ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு. நெருங்கிய நண்பர்களுக்குத் தெரியும், அவரே எழுதியும் வைத்திருக்கிறார்." மாமா கோபப்படவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, ஒரு தப்பான தகவலைத் திருத்துகிற சாந்தத்தோடு சொன்னார்: "அவரு நல்ல சாமி மாப்ள. அப்படியெல்லாம் இருக்காது."

மூன்று வாரம் கழித்து மாமா ஊருக்குப் போய்விட்டார். அந்த வாக்கியம் போகவில்லை.

முறத்தில் நிற்கும் கல்

இந்த நம்பிக்கையை முதலில் சொன்னவர் மாமா இல்லை. மைக்கேல் ஜட்ஜ் இறந்த கொஞ்ச நாளிலேயே அமெரிக்காவில் படித்த கத்தோலிக்கர்கள் சிலர் இதையே எழுதினார்கள்: தன்பாலீர்ப்பாளர் உரிமைச் செயல்பாட்டாளர்கள் தங்கள் வசதிக்காக ஒரு புனிதமான குருவின்மேல் கட்டிவிட்ட கதை என்று. ஆனால் அப்போது நகரத் தீயணைப்புத் துறையின் ஆணையராக இருந்த தாமஸ் வான் எசன் வெளிப்படையாகவே பேசினார். தொழிற்சங்கத்தில் இருந்த காலத்திலேயே தனக்கு இது தெரியும் என்றும், தான் ஆணையரான பிறகு மைக்கேல் ஜட்ஜே தன்னிடம் சொன்னார் என்றும், மற்ற வீரர்களுக்கு இதை ஏற்பது கடினமாக இருந்திருக்கும் என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது என்றும் சொன்னார். மைக்கேல் ஜட்ஜின் கையெழுத்துக் குறிப்புகளும் இருக்கின்றன. இவ்வளவு இருந்தும் 'இருக்காது' என்பவர்கள் ஆதாரத்தைப் பார்த்து அதைச் சொல்லவில்லை. 'நல்ல' என்ற சொல்லே அவர்களுக்கு ஆதாரம்.

அந்த வாக்கியம் வேலை செய்கிற விதத்தை ரொம்ப நாள் யோசித்தேன். ஒரு குரு தன்பாலீர்ப்பாளர் என்று தெரியவந்து அவர் குற்றவாளியாகவும் இருந்தால், 'பார்த்தீர்களா, இவர்கள் இப்படித்தான்' என்று சேர்த்துக்கொள்கிறோம். அவர் நல்லவராக இருந்தால் 'இவர் அப்படி இல்லை' என்று எடுத்துவிடுகிறோம். புடைக்கும்போது அரிசியையெல்லாம் வெளியே தள்ளிக் கல்லை மட்டும் முறத்தில் நிறுத்திக்கொண்டு, இந்த வயலில் விளைவதே கல்தான் என்று சொல்கிற மாதிரி. இந்த முறையில் எத்தனை ஆயிரம் நல்லவர்கள் இருந்தாலும் கணக்கு மாறவே மாறாது.

நல்லவர் என்று நான் சொல்வது செப்டம்பர் 11ஐ மட்டும் வைத்து இல்லை. 1980களில் எய்ட்ஸ் நோயாளிகள் இருந்த அறைக்குள் மருத்துவமனை ஊழியர்களே சாப்பாட்டுத் தட்டை வாசலோடு வைத்துவிட்டுப் போன காலத்தில், இவர் உள்ளே போய்க் கட்டிலருகே உட்கார்ந்து அவர்களுடைய பாதங்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார். குருவைக் கண்டதும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களாம், திட்ட வந்திருக்கிறார் என்று. அதனால் பேசமாட்டார், காலை மட்டும் பிடித்துவிடுவார். நோயாளிகளுக்கு எண்ணெய் பூசிச் செபிக்கிற நோயில் பூசுதல் என்ற அருளடையாளத்தைப் பற்றி எனக்கு மறைக்கல்வி வகுப்பில் சொல்லித்தந்த எதையும்விட இந்த ஒரு காட்சி அதிகம் புரியவைத்தது. 1986 அக்டோபரில் வத்திக்கான் ஒரு கடிதம் வெளியிட்டு, தன்பாலீர்ப்பு நாட்டத்தையே ஒரு ஒழுங்கின்மை என்றது. அதைத் தொடர்ந்து தன்பாலீர்ப்புள்ள கத்தோலிக்கர்களின் 'டிக்னிட்டி' அமைப்பை நியூயார்க்கில் அவர்கள் பூசைக்குக் கூடிவந்த கோயிலிலிருந்து வெளியேற்றினார்கள். மைக்கேல் ஜட்ஜ் அந்த அமைப்பிலும் இருந்தவர். அவர் சபையை விட்டுப் போகவில்லை. பகிரங்கமாகத் தன்னைப் பற்றிப் பேசவுமில்லை. பழுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு அடுத்த மரணப்படுக்கைக்குப் போனார்.

2002இல் நான் சொன்னது

மாமாவைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு என்னைப் பற்றி எழுதாமல் விடமுடியாது.

அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் போய் நான்கு மாதம்கூட ஆகவில்லை, 2002 ஜனவரியில் பாஸ்டன் குளோப் பத்திரிகை, சிறார்களைச் சீரழித்த குருக்களைப் பற்றிய தன் செய்தித் தொடரை ஆரம்பித்தது. ஜான் கேகன் என்ற ஒரே குருவால் பாதிக்கப்பட்டதாக 130க்கு மேற்பட்டவர்கள் முன்வந்திருந்தார்கள். மறைமாவட்டம் அவரைப் பங்கு பங்காக மாற்றிக்கொண்டே இருந்தது. அந்த வருட டிசம்பரில் பாஸ்டன் பேராயர் கர்தினால் பெர்னார்ட் லா பதவி விலகினார். நடுவில், மார்ச்சில், வத்திக்கானின் செய்தித் தொடர்பாளர் நவாரோ வால்ஸ், தன்பாலீர்ப்பு நாட்டம் உள்ளவர்களுக்குக் குருப்பட்டமே கொடுக்கக்கூடாது என்று நியூயார்க் டைம்ஸிடம் சொன்னார். குற்றத்தை மறைத்த ஆயர்களைப் பற்றிய பேச்சு, யாரைக் குருமடத்தில் சேர்க்கக்கூடாது என்ற பேச்சாக மாறியது. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் பங்கு இளைஞர் கூட்டத்தில் எழுந்து நின்று நானும் அதையே சொன்னேன். "அந்த மாதிரி ஆளுங்களைச் சாமியாராக விட்டதுதான் எல்லாத்துக்கும் காரணம்." அமெரிக்காவில் நடந்ததைப் பற்றி எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. தெரிந்தமாதிரி பேசினேன், எல்லோரும் தலையாட்டினார்கள்.

எங்கள் பங்கில் அப்போது ஒரு சின்னச் சாமி இருந்தார். உதவிப் பங்குத்தந்தையை ஊரில் அப்படித்தான் சொல்வோம். மெலிந்த உடல், மென்மையான குரல். நன்றாகப் பாடுவார். கிறிஸ்துமஸ் குடில் கட்டினால் அடுத்த ஊர்க்காரர்கள் பார்க்க வருவார்கள். அவருடைய நடையைப் பையன்கள் பின்னால் இருந்து செய்து காட்டுவார்கள், நானும் சிரித்திருக்கிறேன். அந்தக் கோடையில் பாடகர் குழுப் பயிற்சிக்குப் பிள்ளைகள் வருவது ஒவ்வொன்றாக நின்றது. யாரும் அவர்மேல் எந்தப் புகாரும் சொல்லவில்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பேப்பரில் செய்தி, கூட்டத்தில் என்னைப் போன்றவர்களின் பேச்சு, அவருடைய குரல், அவருடைய நடை. அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் மாற்றலாகிப் போனார். வழியனுப்பு விழாகூட வைக்கவில்லை.

அவர் தன்பாலீர்ப்பாளரா என்பது எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. அது நான் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமும் இல்லை. ஆனால் நாங்கள் போட்ட கணக்கில் இரண்டு சமன் குறிகள் இருந்தன: மென்மையானவர் என்றால் அந்த மாதிரி ஆள், அந்த மாதிரி ஆள் என்றால் பிள்ளைகளுக்கு ஆபத்து. இரண்டுமே பொய். தீயணைப்பு வீரர்களோடு தோளில் கைபோட்டு நின்ற மைக்கேல் ஜட்ஜின் நடையை யாரும் செய்து காட்டவில்லை. எங்கள் ஊரில் அடித்தொண்டையில் அதட்டுகிற சாமியார்கள்மேல் யாருக்கும் ஒரு சந்தேகமும் வந்ததில்லை.

எண்பத்தொன்று சதவீதம்

இரண்டாவது சமன் குறியை நான் விட்டது பல வருடம் கழித்து, ஒரு அறிக்கையைப் படித்த பிறகு. அமெரிக்க ஆயர்களே கேட்டு, நியூயார்க்கின் ஜான் ஜே குற்றவியல் கல்லூரி செய்த ஆய்வு அது. 2004இல் வந்த முதல் அறிக்கை எண்ணிக்கையைச் சொன்னது: 1950 முதல் 2002 வரை 4,392 குருக்கள்மேல் குற்றச்சாட்டு, குற்றம் சாட்டியவர்கள் 10,667 பேர், அவர்களில் 81 சதவீதம் ஆண்கள். இந்த 81ஐத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் பையன்கள் என்றால் செய்தவர்கள் தன்பாலீர்ப்பாளர்கள்தானே? கேட்டவுடன் சரி என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

2011இல் வந்த இரண்டாவது அறிக்கை காரணங்களைத் தேடிப் போனது. தன்பாலீர்ப்பாளராகத் தன்னை உணர்வதற்கும் சிறார்களைச் சீரழிப்பதற்கும் தொடர்பு இருப்பதாக அதில் தரவு கிடைக்கவில்லை. குருப்பட்டத்துக்கு முன்னால் ஆண்களோடு உறவு கொண்டிருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகச் சிறார்களைத் துன்புறுத்தியதாகவும் தெரியவில்லை. தன்பாலீர்ப்பாளர்கள் குருமடத்தில் அதிகம் சேர்ந்தது 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும். குற்றங்களோ 1980களின் நடுவிலிருந்து குறைந்துகொண்டே வந்தன. அப்படியானால் ஏன் பையன்கள்? யார் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்களோ அவர்கள். இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பீடச் சிறுவர்கள், விடுதிப் பையன்கள், குருவோடு ஊருக்குப் போய்வருகிற பையன்கள். பெண் பிள்ளைகள் பீடத்தில் உதவி செய்ய ரோம் 1994இல்தான் வெளிப்படையாக அனுமதி கொடுத்தது. எங்கள் ஊரில் ஒரு பெண் பிள்ளையைத் தனியாகச் சாமியார் தங்குகிற அறை வீட்டுக்கு அனுப்புவார்களா? பையனை அனுப்புவார்கள், பெருமையோடு அனுப்புவார்கள். மாமாவை அனுப்பினார்கள். என்னையும் அனுப்பினார்கள்.

ஆக, கவனிக்க வேண்டியது நம்பி அனுப்பிய அந்த வழியை. புகார் வந்தபோது மூடி மறைத்த மேசைகளை. அதை விட்டுவிட்டுக் குரலையும் நடையையும் கண்காணித்தோம். உண்மையான குற்றவாளிக்கு இதைவிட நல்ல மறைவிடம் கிடைக்காது. இதைப் படித்த பிறகு, தன்பாலீர்ப்புள்ள குருக்களுக்கு அநீதி என்பதற்காக மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காகவும் வந்தது. அவர்களுக்கு வரவேண்டிய பதிலை வேறு திசையில் திருப்பிவிட்டோம்.

ஏன் யாரும் பேசுவதில்லை

2011 அறிக்கை வந்தும், அதற்கு முன்பே போட்டிருந்த விதி மாறவில்லை. 2005 நவம்பரில் பதினாறாம் பெனடிக்ட் காலத்தில் வத்திக்கான் வெளியிட்ட ஆணை, ஆழமாக வேரூன்றிய தன்பாலீர்ப்பு நாட்டம் உள்ளவர்களைக் குருமடத்தில் சேர்க்கக்கூடாது என்றது. அவர்களுடைய நிலை, ஆண்களோடும் பெண்களோடும் சரியான முறையில் உறவாட விடாமல் அவர்களைத் தடுக்கிறது என்ற காரணத்தையும் சொன்னது. நான் அந்த வரியைப் படித்துவிட்டு 31ஆம் தெருவை நினைத்தேன். 2001 செப்டம்பர் 15 அன்று அந்தக் கோயிலில் நடந்த அடக்கப் பூசைக்கு நியூயார்க் பேராயர் கர்தினால் ஈகன் தலைமை தாங்கினார், பில் கிளிண்டன் வந்திருந்தார். தெருவெல்லாம் சீருடையில் ஆண்களும் பெண்களும் அழுதுகொண்டு நின்றார்கள். மனிதர்களோடு உறவாடத் தெரியாதவர் என்று அங்கே நின்ற ஒருவரிடமாவது சொல்லியிருக்க முடியுமா? புரூக்ளினிலிருந்து 1948இல், பதினைந்து வயதில், பிரான்சிஸ்கன் குருமடத்துக்குப் போன அந்தப் பையன் இன்றைக்கு வந்து உண்மையைச் சொன்னால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். பொய் சொன்னால் சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஆணை நேர்மையானவர்களை மட்டும் கண்டுபிடித்து வடிகட்டுகிற ஏற்பாடு.

இன்னொரு முத்திரையும் உண்டு: கல்யாணத்திலிருந்து தப்பிக்கத்தான் குருமடத்துக்கு வருகிறார்கள் என்பது. அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். பெண் பார்க்கும் பேச்சு வீட்டில் வரும்போதெல்லாம் நெஞ்சு அடைத்துப்போகிற ஒரு கத்தோலிக்கப் பையனுக்கு, ஊரே கையெடுத்துக் கும்பிடுகிற ஒரே பதில் அங்கிதான். ஆனால் அதை மட்டும் வைத்து ஒரு வாழ்க்கையை அளந்துவிட முடியாது. பெண்கள்மேல் ஈர்ப்புள்ள குரு தன் ஈர்ப்பைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்தால் அதைத் தியாகம் என்கிறோம். இவர் அதே துறவு வார்த்தைப்பாட்டை எடுத்து அதே தனிமையில் நாற்பது வருடம் வாழ்ந்தால் ஒளிந்துகொண்டார் என்கிறோம்.

வெளியே சொன்னவர்கள் ரொம்பக் குறைவு. 2017 டிசம்பரில் மில்வாக்கியில் கிரெகரி கிரைட்டன் என்ற பங்குத்தந்தை ஞாயிறு பூசையில் தன் மக்கள் முன்னால் சொன்னார். மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். வார்த்தைப்பாட்டைக் காப்பாற்றுகிற ஒரு குரு, தான் யார் என்று சொன்னதே பத்திரிகைச் செய்தியாகிறது என்றால் மற்றவர்கள் எவ்வளவு அமைதியாக இருக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். 2013இல் பிரேசிலிலிருந்து திரும்பும் விமானத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றி, 'தீர்ப்பிட நான் யார்?' என்று கேட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தப் பேச்சு ஒரு குருவைப் பற்றிய கேள்வியில் தொடங்கியது என்பது பலருக்கு ஞாபகம் இல்லை. அதே பிரான்சிஸ் 2024 மே மாதம் இத்தாலிய ஆயர்களோடு மூடிய அறையில் பேசும்போது, குருமடங்களில் 'அது' அதிகமாகிவிட்டது என்று தன்பாலீர்ப்பைக் குறிக்கிற ஒரு கொச்சை வார்த்தையைச் சொல்லி, செய்தி வெளியே வந்து, வத்திக்கான் மன்னிப்புக் கேட்டது. எனக்கு அவர்மேல் இருந்த அன்பு போகவில்லை. ஆனால் அந்த வாரம் அந்தச் செய்தியைத் தனியறையில் படித்துவிட்டு மறுநாள் காலை பீடத்தில் நின்று அவருக்காகவே மன்றாடிய குருக்களை நினைத்து ரொம்ப நேரம் தூங்கவில்லை.

ஊருக்குக் கிளம்பும் முந்தின இரவு

பெட்டி கட்டி முடித்துச் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். மாமா கைபேசியை எடுத்து அந்தப் படத்தை, நாற்காலியில் வைத்துத் தூக்கி வரும் படத்தை, திறந்து மேசையில் வைத்தார். "நீ சொன்னது நெசந்தானா?" என்றார். நெசந்தான் மாமா என்றேன். ஆணையர் சொன்னதைச் சொன்னேன். எய்ட்ஸ் நோயாளிகளின் பாதத்தைச் சொன்னேன். மேலே படித்துக் காட்டவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று கை காட்டினார்.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தச் சின்னச் சாமி ஞாபகம் இருக்கா?" என்றார்.

நான் அவரைப் பற்றி மாமாவிடம் பேசவே இல்லை. அந்த வருடம் மாமா பங்குப் பேரவையில் இருந்தவர் என்பது அப்போதுதான் உறைத்தது. நான்கு பேராக ஆயர் இல்லத்துக்குப் போனோம் என்றார். புகார் என்று ஒன்றும் எழுதித் தரவில்லையாம், "சனங்க ஒரு மாதிரிப் பேசுறாங்க" என்று மட்டும் சொன்னார்களாம். அவர்கள் திரும்பி வந்தபோது சின்னச் சாமி மாதா கெபி பக்கத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். காபி சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டாராம். "நாங்க குடிச்சோம் மாப்ள," என்றார் மாமா. "குடிச்சிட்டு ஒண்ணும் சொல்லாம வந்துட்டோம்."

இளைஞர் கூட்டத்தில் நான் எழுந்து பேசியதை அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன். சனங்க என்று அவர் சொன்னதில் நானும் ஒருவன். மாமா தலையை ஆட்டினார்.

போன மாதம் ஊரிலிருந்து கூப்பிட்டார். விசாரித்திருக்கிறார். சின்னச் சாமி வேறு மறைமாவட்டத்தில், மலைப்பக்கம் ஒரு சின்னப் பங்கில் இருக்கிறாராம். தலையெல்லாம் நரைத்துவிட்டதாம், பாடகர் குழு நடத்துகிறாராம். காலையில் பஸ் ஏறினால் மத்தியானம் போய்விடலாம் என்றார். "போய்ப் பாக்கணும்னு இருக்கு மாப்ள. பாத்து என்ன சொல்றதுன்னுதான் தெரியல."

நான் டிசம்பரில் வருகிறேன், சேர்ந்தே போகலாம் என்றேன்.